ராத்தாவின் வீட்டில் நான் சொன்ன ‘வாங்க’

சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வடக்கே நடந்துகொண்டிருந்தேன். இரவு இஷாத் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சந்தியிலும் நின்று, வலது பக்கம் திரும்பி, “வாங்க, போவம்” என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தேன். வாய்க்குள் முணுமுணுத்தால் போதாது, காது கேட்கச் சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எல்லாம் தெரிந்த முகங்கள். என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்த ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “டேய், ஆரோடடா கதைக்காய்?” என்றான்.

“போன்ல” என்றேன்.

போன் பையின் அடியில் கிடந்தது. என் இரண்டு கைகளும் வெறுங்கை என்பது அவனுக்கும் தெரிந்தது. சிரித்திருந்தால் நானும் சிரித்துச் சமாளித்திருப்பேன். அவன் சிரிக்கவில்லை, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டான்.

நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. அதைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது. பூட்டிக் கிடந்த அரிசி மில்லில் தனியாகப் படுத்திருக்கிறேன், செங்கல் சூளையில் படுத்திருக்கிறேன், வேறு இடம் கிடைக்காமல் மையத்துகளை அடக்குகிற மையவாடி மதிலோரத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கப் படுத்திருக்கிறேன். ஜின், பேய் என்று ஏதாவது இருந்திருந்தால் நான் படுத்த இடங்களில் ஒன்றிலாவது வந்து காலைச் சுரண்டியிருக்க வேண்டும். கடிக்கிற நுளம்பைத் தவிர ஒன்றும் என்னைத் தேடி வந்ததில்லை. நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

ஆனால் நீங்கள் கேட்டீர்கள். ஏன் கருத்து எழுதுவதை நிறுத்திவிட்டேன், எழுதியதையெல்லாம் ஏன் அழித்துவிட்டேன் என்று நம் முகநூல் பக்கத்தில் நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். அதற்காகத்தான் இது.

புதிதாக வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றை யாரோ புண்ணியவான்கள் தமிழில் எழுதி, அத்தியாயம் அத்தியாயமாக முகநூலில் ஒரு பக்கத்தில் போடுகிறார்கள். பேரைச் சொல்ல மாட்டேன், தேடிப் போய்ப் படிப்பீர்கள், அதற்கு நான் காரணமாக வேண்டாம். இரத்தம் குடிக்கிற ஒரு பிரபுவின் கதை. இடிந்த மாளிகை, விடாத மழை, மெழுகுதிரி, கறுப்பு உடுப்புப் பெண்கள். பிரபுவுக்கு ஒரு சட்டம் உண்டு, உள்ளே இருக்கிறவர் அழைக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் அவர் கால் வைக்க முடியாது. அதனால் மிகவும் மரியாதையாக வாசலில் நிற்பார். கீழே நாம் எல்லோரும் கருத்து எழுதுவோம். இறக்காமத்து வயலில் யானைக்குக் காவல் இருந்தபோது, பரணில் உட்கார்ந்து இதைத்தான் படித்தேன். இந்த வயதில் படக்கதை படிக்கிறேன் என்று யாரிடமும் சொல்ல வெட்கம். படத்தைவிட உங்கள் சண்டையைப் படிப்பதுதான் எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல அதைவிட வெட்கம். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். என் கருத்து என்ன என்று யாராவது கேட்ட இடம் உலகத்திலேயே அந்தப் பக்கம் ஒன்றுதான்.

இது நடந்த வாரம் வந்த அத்தியாயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெரிய வீட்டின் குதிரைக்காரன், எசமான் இல்லாத நேரம், பிரபுவை “வாருங்கள்” என்று உள்ளே விடுகிறான். அன்றைக்குக் கருத்துப் பெட்டியில் பெரிய யுத்தம். குதிரைக்காரன் வீட்டுக்காரன் இல்லையே, கதாசிரியர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்று கத்தாரில் இருந்து ஒருவர். வீட்டு உறுதிப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டா பிரபு கதவைத் தட்டுவார் என்று மட்டக்களப்பு டீச்சர் ஒருவர். நான் எழுதினேன்: “குதிரைக்காரன் சொன்னது செல்லாது. சொந்தக் கதவு இல்லாதவன் வாயில் ‘வாங்க’ என்பது வெறும் சத்தம். அனுபவத்தில் சொல்கிறேன்.” அதற்கு விழுந்த இருதயக் குறிகளை எண்ணிப் பார்க்கவே இரண்டு முறை போனைத் திறந்தேன்.

அனுபவம் என்றால் இதுதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போக வேண்டியவன். முடிக்காதவன் ராத்தாவின், அதாவது அக்காவின், விறாந்தையில் பாய் விரிக்க வேண்டியவன். சுனாமியில் கடல் எடுத்த வீட்டுக்குப் பதிலாக எங்களுக்குக் கிடைத்த வீடு ராத்தாவின் பேரில் இருக்கிறது, அதுதான் முறை, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை இல்லை என்றுதான் அந்தப் பின்னேரம் வரைக்கும் நினைத்திருந்தேன்.

அறுவடை முடிந்து வயல் முதலாளி போடியார் இனி அடுத்த போகம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். சம்மாந்துறை வரை ஒரு டிரக்டரில் தொற்றி வந்து, அங்கிருந்து பஸ் எடுத்து ராத்தா வீட்டுக்கு வந்தேன். போக வேறு இடம் இல்லை. அதோடு ராத்தாவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. கலியாணமாகிப் பல வருடம் ஏங்கி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, பொத்துவில் வரைக்கும் நேர்ச்சை வைத்துக் கிடைத்த முதல் பிள்ளை. பெயர் வைக்கும் ஏழாம் நாள் இன்னும் வரவில்லை.

மச்சான் ஆட்டோ ஓட்டுகிறவர், நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. என்னைக் கண்டதும், “வாங்க மச்சான், யானையையும் கூட்டிட்டு வந்திரிக்கலாமே, அதுக்கும் ஒரு பாயப் போட்டிரிப்பம்” என்றார்.

“அதுக்கு உங்கட வீட்டுச் சாப்பாடு பத்தாது மச்சான்” என்றேன். எல்லோரும் சிரித்தோம். பையை நான் கதவோரத்திலேயே வைத்தேன்.

ராத்தாவுக்கு உதவியாகக் கதீஜா மாமி நின்றார். இப்போது பிள்ளைகள் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன என்றாலும் தாயைக் குளிக்க வார்க்க, பிள்ளைக்கு எண்ணெய் தடவ அந்த ஒழுங்கை வீடுகளில் எல்லோரும் மாமியைத்தான் கூப்பிடுவார்கள். பின்னேரம் மச்சான் பிள்ளைக்காக அகீகா கொடுக்க ஆடு பார்க்க மாளிகைக்காட்டுப் பக்கம் போனார். மாமி தன் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவதாகச் சொல்லிச் செருப்பைப் போட்டார். போட்டவர் திரும்பி நின்று என்னிடம் சொன்னார்:

“இஞ்ச பாரு மகன், பொழுது படுற மஹ்ரிபோட ஆராச்சும் வந்தா ஸலாத்துக்குப் பதிலச் செல்லு. அது கடமை. ஆனா ‘வாங்க’ எண்டு மட்டும் செல்லிராத. புள்ளப் பெத்த வீடு. நாளைக்கு வரட்டும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மாமி, இதே சட்டத்த ஜப்பான்காரனும் எழுதியிரிக்கான்.”

“ஜப்பான்காரனுக்கும் புள்ள பொறக்குந்தானே” என்று சொல்லிவிட்டு மாமி போனார்.

கேட்டைக் கொழுவிவிட்டு விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தேன். உள்ளே அறைச் சீலைக்குப் பின்னால் ராத்தா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. போனைத் திறந்தால் கத்தார்க்காரர் எனக்கு நீளமாகப் பதில் எழுதியிருந்தார், குதிரைக்காரனும் அந்த வீட்டுச் சோற்றைத்தானே தின்றான், அவனும் வீட்டாள்தானே என்று. எனக்கு ரோசம் வந்துவிட்டது. வேகமாக எழுதத் தொடங்கினேன். “சோறு தின்றால் வீட்டாள் ஆகிவிட முடியுமா, நான் எத்தனை வீட்டில்” என்று அடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஸலாம் கேட்டது.

சாதாரணக் குரல். ஆண் குரல், கொஞ்சம் களைத்த குரல், தூரத்தில் இருந்து நடந்து வந்தவருடையதுபோல. நான் தலையை நிமிர்த்தவில்லை. ஸலாத்துக்குப் பதில் சொல்ல எங்களில் யாரும் முகம் பார்ப்பதில்லை, வாய் தானாகச் சொல்லும். டிரக்டருக்குப் பின்னால் பெட்டி வருவதுபோல அதன் பின்னால் மற்றதும் வந்துவிடும்.

“வஅலைக்குமுஸ்ஸலாம். வாங்க, வாங்க.”

சொன்ன உடனே மாமியின் ஞாபகம் வந்து நிமிர்ந்து பார்த்தேன். ஒருவரும் இல்லை. கேட் கொழுவியபடியே இருந்தது. பக்கத்து வீட்டுக்கு வந்தவராக இருக்கும் என்று நினைத்தேன். அந்த நேரம் பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். அந்திநேர மஹ்ரிப் பாங்கு என்று எழும்பினேன்.

இனி வருவதைத்தான் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வெளியே இருட்டு. தெரு விளக்கு எரிகிறது. விறாந்தை விளக்கும் எரிகிறது, நான் போட்டதாக ஞாபகம் இல்லை. அது இரவுத் தொழுகைக்கான இஷாப் பாங்கு. ஸலாம் கேட்டபோது சூரியன் விழவில்லை, நான் நிமிர்ந்து பார்த்தபோது இஷா. இடையில் மஹ்ரிபு வந்து போயிருக்கிறது, எனக்கு ஒரு மூச்சு விட்ட நேரம். போனில் “நான் எத்தனை வீட்டில்” என்று பாதியில் நின்ற வசனம் அப்படியே இருந்தது. சுவரோரம் இருந்த சிவப்புக் கதிரை எனக்கு எதிரே வந்திருந்தது. அதன் முன்னால் ஸ்டூலில் ஒரு கிளாஸ் பிளேன்டீ, ஆறிப்போய், வாய் வைக்காமல்.

தூங்கியிருப்பாய் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். அப்போது அறைக்குள்ளிருந்து ராத்தா மெல்லக் கூப்பிட்டாள்.

“தம்பி, வந்த ஆள் போயிட்டாரா?”

“ஆர் ராத்தா?”

“இவ்வளவு நேரமும் கதைச்சிட்டு ஆரெண்டு கேக்காய். இஞ்ச வா, புள்ள பால் குடிக்குதில்ல.”

உள்ளே போனேன். பிள்ளை அவள் மடியில் கிடந்தது. அழவில்லை, தூங்கவும் இல்லை. கண்ணை அகலத் திறந்து, நான் வந்த சீலைப் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தது. ராத்தா பாலை அதன் உதட்டில் வைக்கிறாள், வாய் அசையவே இல்லை. அந்த ஆள் வந்து இருந்ததில் இருந்து இப்படித்தான் என்றாள். அவரைப் போகச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே என்றேன். விறாந்தையில் அந்நிய ஆம்பிளை இருக்கும்போது பிள்ளைப் பெற்றவள் எப்படிச் சத்தம் போடுவாள்? மச்சானின் சொந்தம் யாரோ என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டு பிள்ளையை ஆட்டியபடி இருந்திருக்கிறாள்.

மச்சான் அந்த நேரம்தான் வந்து கதவில் நின்றார். பிள்ளையைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த பகிடி எல்லாம் போய்விட்டது. “ஆர் வந்த?” என்று கேட்டார்.

ராத்தா தான் கேட்டதைச் சொன்னாள். அவருடைய குரல் அவளுக்குக் கேட்கவில்லை, என்னுடைய குரல்தான் கேட்டிருக்கிறது. இருங்க என்றேனாம், தேத்தண்ணி ஊத்தினேனாம், ஆம்பிளைப் பிள்ளை என்று சிரித்தேனாம், பிள்ளையின் பெயரைச் சொன்னேனாம்.

“பேரா?” என்றார் மச்சான். “எந்தப் பேரு?”

ராத்தா அவரைப் பார்த்தாள். அவர்கள் இரண்டு பேரும் வார்ட்டில் வைத்துக் காதோடு காதாகப் பேசி முடித்து, ஏழாம் நாள் வரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பெயர். எனக்கு அன்றைக்குத் தெரியாது. அல்லாஹ்மீது ஆணையாக எனக்குத் தெரியாது.

“மறுகா என்னத்தச் சென்னான்?” என்று மச்சான் கேட்டார்.

ராத்தா தயங்கினாள். பிள்ளையின் நெற்றியைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். “‘ஆர்ர வீடு’ எண்டு அவர் கேட்டிரிப்பார் போல. ‘எங்கட வீடுதான், நானும் இந்த வீட்டாள்தான், எனக்கும் இதுல ஒரு கதவு இரிக்கி’ எண்டு சென்னான்.”

நான் சொல்லியிருக்க மாட்டேன். அப்படி ஒரு சொல்லை நான் நினைத்ததே இல்லை என்றுதான் அந்த இடத்தில் நின்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் மச்சானின் கண்ணைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பாவம் என்பதுபோலப் பார்த்தார். பேயோ ஜின்னோ வந்ததைவிட அதுதான் என்னைக் கூசிப்போக வைத்தது. உடுப்பில்லாமல் நடு வீட்டில் நிற்பதுபோல இருந்தது.

மாமி ஈரத் தலையோடு வந்து சேர்ந்தார். பிள்ளையின் காலைச் சுண்டிப் பார்த்தார், அது அசையவில்லை. கதிரையைப் பார்த்தார், தேநீரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“வாங்க எண்டு சென்னாயா?”

“வாயில வந்துட்டு மாமி.”

“வாயில வரும், வரும். சோறு மட்டும் ஒழுங்காப் போகும். சரி, கூப்பிட்டவன் நீ. நீதான் வழியனுப்பணும்.”

“ஆரை மாமி? ஆள் இல்லையே.”

“ஆள் இல்லாட்டி உனக்கு என்ன நட்டம்? ‘வாங்க, போவம்’ எண்டு செல்லிக் கூட்டிட்டு நட. சந்திக்குச் சந்தி செல்லு, காது கேக்கச் செல்லு. திரும்பி வந்திராத. நீ வந்தா அவரும் வருவார்.”

“மாமி, இந்தக் கதைய விடுங்க, புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்” என்றார் மச்சான்.

“நீ ஆட்டோவ ஸ்டார்ட் பண்ணு மகன், ஆர் வேணாண்ட? இவன் நடக்கட்டும். ரெண்டுல ஒண்டு சரிவரும்.”

நான் ராத்தாவைப் பார்த்தேன். இதெல்லாம் பைத்தியக்காரத்தனம், நீ இரி என்று அவள் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“பைய எடுத்திட்டுப் போ தம்பி.”

எடுத்தேன். கதவோரத்திலேயே இருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. மச்சான் ஆட்டோவை இயக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, நான் வெறும் சிவப்புக் கதிரைக்கு முன்னால் போய் நின்று, “வாங்க, போவம்” என்றேன். கேட்டை அகலத் திறந்து, ஓர் ஆள் முதலில் போக இடம் விட்டு, பின்னால் நான் இறங்கினேன். ஒழுங்கை முனைக்குக்கூட வந்திருக்க மாட்டேன், பிள்ளை வீறிட்டு அழுதது. ஊரே கேட்கிற அழுகை. கொஞ்ச நேரத்தில் ஆட்டோ எஞ்சின் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்முனை வந்தபோது ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர், முன்னே அவரிடம் வேலை செய்திருக்கிறேன், “வா, உள்ளுக்கு வா” என்றார். வேண்டாம் நாநா என்று சொல்லிவிட்டுப் பாண்டிருப்பையும் தாண்டி நடந்தேன். கூரை உள்ள எந்த இடத்துக்கும் போக எனக்குத் துணிவில்லை. மருதமுனைக் கடற்கரையில் ஒரு தோணியோரம் மணலில் படுத்தேன்.

பிள்ளை சுகமாக இருக்கிறான். ஏழாம் நாள் அவனுக்கு வேறு ஒரு பெயர் வைத்தார்கள். இப்போது ஓடித் திரிகிறான் என்று ராத்தா போனில் சொல்வாள். சில வேளை, “வந்து பாரன் தம்பி” என்பாள். அவள் ‘வா’ என்று சொல்கிற அந்த இடத்தில் எனக்கு உடம்பு விறைக்கும். அவள் என்னை மட்டும்தான் கூப்பிடுகிறாளா? வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிடுவேன். அன்றைக்கு உண்மையிலேயே ஏதாவது வந்ததா, இல்லை பிள்ளை பிறந்த வீட்டில் இன்னும் எத்தனை நாள் இவன் பாய் விரிப்பான் என்று மூன்று பேரும் முன்கூட்டியே கதைத்து வைத்திருந்தார்களா என்று அவளிடம் நான் கேட்டதில்லை. கேட்டால் எந்தப் பதில் வந்தாலும் அது எனக்கு அவமானம்தான். பிள்ளையின் பெயர் என் வாயில் எப்படி வந்தது என்பதற்கு இரண்டிலுமே பதில் இல்லை. அந்தப் பெயர் இப்போது எனக்குத் தெரியும், யாரும் சொல்லித் தரவில்லை, ஆனாலும் தெரியும்.

கத்தார்க்காரருக்கு: குதிரைக்காரன் அழைத்ததும் செல்லும். என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன், பழையதையெல்லாம் அழித்ததும் அதனால்தான். காரணம் இவ்வளவுதான்.

மணலில் படுத்த அந்த இரவுக்கு அடுத்த நாள் சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் வந்தபோது கரைவலை இழுக்கிறவர்கள் வந்து என்னை எழுப்பினார்கள். ஆள் குறைவாக இருந்திருக்கிறது. வலைக்குப் பொறுப்பான தண்டையல் மேலும் கீழும் பார்த்து, “கயிறு இழுப்பாயா?” என்றார்.

“இழுப்பன்.”

“பழக்கமா?”

“கை இரிக்கி.”

“கை எல்லாருக்கும் இரிக்கி. வா, கடைசியில நில்லு.”

கதவும் இல்லை, கூரையும் இல்லை, எனக்கு ஏற்ற வேலை. இன்றைக்கும் அதில்தான் இருக்கிறேன். வரிசையின் கடைசியில் போய்க் கயிற்றைப் பிடித்தேன். எனக்கு முன்னால் நின்றவன் என்னைப் பார்த்துவிட்டு இரண்டு அடி முன்னே தள்ளிப் போனான், இடையில் ஓர் ஆள் நிற்கிற இடம் வந்துவிட்டது. “இடை விடாதீங்கடா, கயிறு தொங்குது!” என்று தண்டையல் தண்ணீருக்குள் நின்று கத்தினார். எல்லோரும் நெருங்கினார்கள். அவன் மட்டும் பின்னால் வரவில்லை, நானும் முன்னால் போகவில்லை. ஏலோப் பாட்டுப் போட்டு இழுக்கத் தொடங்கினார்கள். மற்ற எல்லா இடத்திலும் ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் கயிறு தொய்ந்து மணலைத் தொட்டது. எனக்கும் அவனுக்கும் இடையில் யாரும் பிடிக்காத அந்த இடத்தில் மட்டும் அது விறைத்துக்கொண்டு நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டு இழுத்தேன்.